ரசீது புத்தகமும் சாத்திய கதவும்

ஒண்ணாம் தேதிக்கும் அஞ்சாம் தேதிக்கும் நடுவே ஓர் ஆபீஸுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட், தவணைக்குச் சேலை விற்கும் அம்மா, சீட்டுப் பிடிப்பவர்... இவர்களுக்கெல்லாம் நாம் பணம் தரவேண்டியிருக்கிறது. அதனால் தலை தெரிந்ததுமே கேன்டீன் பக்கம் நழுவிவிடலாம். நாம் யாருக்கு ஒரு பைசா கடன்படவில்லையோ, அவரிடமிருந்துதான் தப்பிக்க முடியாது. கையில் ரசீது புத்தகம், முகத்தில் மந்தகாசம், 'சாருக்கு நூத்தி ஒண்ணு எழுதட்டுமா, ஐநூத்தி ஒண்ணு எழுதட்டுமா?' என்று இரண்டே சாய்ஸ். கொடுக்கலாமா, வேண்டாமா என்பது கொஸ்டின் பேப்பரிலேயே கிடையாது!

முன்பெல்லாம் 'சில்லறை இல்லீங்களே' என்று ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. க்யூஆர் கோடு வந்து அதையும் பிடுங்கிக்கொண்டது. போன வாரம் ஒருவர் அந்த அட்டையை ஐயப்பன் மாலை மாதிரி கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கும்பாபிஷேகம், சர்ச் திருவிழா, பள்ளிவாசல் மினாரா, அநாதை ஆசிரமம் - இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டில் மத ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

இப்படி வருகிறவர்களை எங்கள் செக்‌ஷனில் சமாளிப்பது பாய். ஆபீஸ் பாய் அல்ல. ஆபீஸில் இருக்கும் பாய். எங்களுக்கெல்லாம் சீனியர். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் திண்டிவனம் வந்துபோகிறவர். ரசீது புத்தகம் உள்ளே நுழைந்தால் நாங்கள் எல்லோரும் ஒருமனதாக பாய் மேஜையைக் காட்டிவிடுவோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மூன்று கேள்விகள் கேட்பார். 'யாருக்குங்க? இன்னும் எவ்வளவு குறையுது? கணக்கு யார்கிட்ட இருக்கு?'

முக்கால்வாசிப் பேர் மூன்றாவது கேள்வியில் டீ சாப்பிடப் போய்விடுவார்கள். கோயில், சர்ச் என்று பார்த்து அவர் இதைக் கேட்பதில்லை. பள்ளிவாசல் பெயரில் வருகிறவர்களிடம்தான் கூடுதலாகக் குடைவார். 'மத்தவங்க வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது தம்பி. எங்க வீட்டுச் சட்டம் தெரியும். அதுல கேட்கிறது அவ்வளவு சுலபமில்லே!' என்பார்.

என்ன சட்டம் என்று நான் உட்கார்ந்து கேட்டது 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில். மே 13, சனிக்கிழமை. மரக்காணத்தை ஒட்டியுள்ள மீனவர் கிராமமான எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் சுருண்டு விழ ஆரம்பித்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. உடனே தமிழ்நாடு பூராவும் டீக்கடை பெஞ்சுகள் ஹைகோர்ட் பெஞ்சுகளாக மாறின. 'குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? உப்பளத்துல வெயில்ல செத்தவனுக்கு என்ன குடுத்தாங்க?'

எங்கள் ஆபீஸிலும் அதே வழக்குதான். இருந்தாலும் மனசு கேட்காமல் இரண்டு மூன்று இளைஞர்கள் ஒரு லிஸ்ட் ஆரம்பித்தார்கள். சாவு விழுந்த குடும்பங்களில் படிக்கிற பிள்ளைகள் இருக்குமே, அரசுப் பணம் எப்போது கைக்கு வருமோ, அதுவரைக்கும் நம்மால் ஆனது. மேலே தலைப்பு: 'கள்ளச் சாராயத்தில் இறந்தோர் குடும்ப நிதி'. கீழே பெயர், தொகை, கையெழுத்து. லிஸ்ட் பாய் மேஜைக்குப் போனது. போன வேகத்தில் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

எனக்குக் கொஞ்சம் ஷாக்தான். 'என்ன பாய், மது ஹராம்னு தள்ளிட்டீங்களா?' என்று கேட்டேவிட்டேன்.

'அது இல்லே தம்பி. இதை வசூல் முடிஞ்சதும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்கதானே?'

'கணக்குன்னு இருந்தா ஒட்டித்தானே ஆகணும்?'

'நாளைக்கு அந்த வீட்டுப் பையன் ஏதாவது மனு கொடுக்க இங்கே வருவான். வராந்தாவுல நின்னு படிப்பான். அவங்கப்பன் எப்படிச் செத்தான்னு தலைப்புலயே இருக்கு. அந்தப் பையன் உங்ககிட்டே கேட்டானா? அவங்க ஆத்தா கேட்டாங்களா? கேட்காதவனைக் கேட்டவனா ஆக்கி போர்டுல மாட்டுறதுக்கு எங்க சட்டத்துல இடமில்லே.'

அன்றைக்கு லஞ்ச் இடைவேளை ஒரு மணி நேரம் ஓவர்டைம் போனது.

நபிகள் நாயகத்தின் நாளில் கபீஸா என்று ஒருவர். இரண்டு தரப்புக்கு நடுவே சமாதானம் பண்ணிவைக்க, தன் பெயரில் பண ஜாமீன் ஏற்றுக்கொண்டுவிட்டார். கட்ட முடியவில்லை. உதவி கேட்டு வருகிறார். 'பொறுங்கள், தர்மப் பொருள் வந்ததும் தரச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு விதியையும் சொல்கிறார் நபிகள். கையேந்துவது மூன்றே பேருக்குத்தான் ஆகும். கபீஸா மாதிரி அடுத்தவர் சண்டையைத் தீர்க்கப் பொறுப்பேற்றுக்கொண்டவர். இயற்கைச் சீற்றத்தில் சொத்தை எல்லாம் பறிகொடுத்தவர். வறுமை வந்து, 'ஆமாம், இவருக்குக் கஷ்டம்தான்' என்று அவர் ஜனங்களிலேயே விவரமுள்ள மூன்று பேர் சொல்லக்கூடியவர். இவர்களும், நிமிர்ந்து நிற்கிற அளவு கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வாங்கிச் சாப்பிடுவது ஹராம்.

'மூணு பேர் சாட்சியா? எங்களுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்!' என்றார் பக்கத்து சீட் நண்பர்.

'அந்த மூணு பேர் காசு கேட்கமாட்டாங்க' என்றார் பாய்.

இன்னும் கடுமையான வார்த்தைகளும் ஹதீஸ்களில் உண்டு. தேவை இல்லாமல் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவன், மறுமையில் முகத்தில் துளி சதை இல்லாமல் வருவானாம். காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருக்கிறவன், செல்வம் சேர்க்கக் கேட்டால் நெருப்புக் கங்கைக் கேட்கிறான் என்று அர்த்தமாம். மேலே இருக்கும் கை, கீழே இருக்கும் கையைவிட நல்லது. இதைக் கேட்டுக்கொண்ட ஹகீம் பின் ஹிஸாம் என்ற தோழர் அதன்பிறகு யாரிடமும் எதையும் வாங்குவதில்லை என்று சபதம் போட்டார். கலீபாக்கள் அபூபக்ரும் உமரும் அவருக்கு நியாயமாகச் சேரவேண்டிய மானியத்தைக் கொடுக்கக் கூப்பிட்டபோதும் வாங்கவில்லை. கடைசி மூச்சு வரைக்கும்! (நம் டி.ஏ. அரியர்ஸை இப்படி ஒருத்தர் வேண்டாம் என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்!)

எனக்குப் பிடித்தது கோடாலிக் கதை. மதீனாக்காரர் ஒருவர் யாசகம் கேட்டு வருகிறார். 'வீட்டில் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறார் நபிகள். ஒரு துணி, பாதியைப் போர்த்திக்கொள்வோம், பாதியை விரித்துக்கொள்வோம். தண்ணீர் குடிக்க ஒரு கிண்ணம். 'இரண்டையும் கொண்டு வாரும்.' அங்கேயே ஏலம் நடக்கிறது. ஒருவர் ஒரு திர்ஹம் என்கிறார். 'அதுக்கு மேல் யார்?' என்று இரண்டு மூன்று முறை கேட்கிறார் நபிகள். இரண்டு திர்ஹத்துக்கு முடிகிறது. ஒன்றில் வீட்டுக்குச் சாப்பாடு, இன்னொன்றில் கோடாலித் தலை. அதற்குத் தன் கையாலேயே காம்பு போட்டுக் கொடுத்து, 'போய் விறகு வெட்டி வில்லும். பதினைந்து நாளைக்கு உம்மை இங்கே பார்க்கக் கூடாது' என்று அனுப்புகிறார். ஆள் திரும்பி வரும்போது கையில் பத்து திர்ஹம்.

இந்தக் கதையைச் சொல்லி, 'உழைச்சுச் சாப்பிடுடா' என்று பிச்சைக்காரரை விரட்டுகிற பெரிய மனுஷர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் வசதியாக மறக்கிற சமாசாரம், அந்தக் காம்பு. அட்வைஸோடு கையில் கோடாலியும் வந்தது சார்! போதாக்குறைக்கு, கேட்டு வருகிறவரை அதட்டி விரட்டாதே என்று குர்ஆனிலேயே கட்டளை இருக்கிறது. கேட்பவன் கூசவேண்டும் என்று சொல்கிற அதே மார்க்கம், கேட்கப்பட்டவன் முகம் சுளிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுவதைவிட, கொடுக்காமல் இரண்டு நல்ல வார்த்தை பேசி அனுப்புவது மேல் என்பதும் அதிலேயே வருகிறது.

பாய் அழுத்திச் சொன்னது வேறொன்று. குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வகை ஏழைகளைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் மானஸ்தர்கள், கேட்கமாட்டார்கள். விவரம் தெரியாதவன் பார்த்தால் இவர்களுக்கு என்ன குறை, வசதிக்காரர்கள் என்றே நினைத்துக்கொள்வான். முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'கண்டுபிடிக்கிறது யார் வேலை? கொடுக்கிறவன் வேலை. ஏழை வாசல்லே வந்து நிக்கிற வரைக்கும் காத்திருந்தா, நம்ம வேலையை அவன் செஞ்சான்னு அர்த்தம்.'

இந்த இடத்தில் எனக்குச் சட்டென்று காலேஜ் தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்தார். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார், இடைக்கழிநாட்டுக்காரர். அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டி வடக்கே போனால் வருகிற அதே இடைக்கழிநாடு. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில், எங்கள் திண்டிவனத்தை ஒட்டித்தான். வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று சொல்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். பரிசு வாங்கிய பாணன், வாங்காத பாணனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. கேட்பதையே கலையாக வைத்திருந்த ஊர் சார், இது!

அந்தப் பாட்டில் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்கிற இடம் இருக்கிறது. இடிந்து விழும் அடுக்களை. கண்திறக்காத குட்டிகளோடு அங்கே கிடந்து குரைக்கும் நாய். மெலிந்துபோன மனைவி, குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். உப்பில்லை. உப்பில்லாத அந்தக் கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிட உட்காருமுன், அண்டை அயல் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள்.

நாலு மைல் தள்ளி நெய்தல் கரை. பாத்தி பாத்தியாக உப்பு. உள்ளே உப்பில்லாக் கீரை. இதை நான் சொன்னதும் பாய் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். 'ரெண்டாயிரம் வருஷமா?' என்றார். 'அந்தக் கதவைத்தான் தம்பி சொல்றாங்க' என்றார்.

சரி, தனக்குக் கேட்பது தப்பு. அடுத்தவருக்காகக் கேட்பது? அதற்கும் மதீனாவில் ஒரு காட்சி உண்டு. முளர் குலத்தார் கொஞ்சம் பேர், கிழிந்த கம்பளிக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, அரை நிர்வாணமாக வந்து நிற்கிறார்கள். அவர்கள் இருந்த கோலத்தைப் பார்த்ததுமே நபிகளின் முகம் மாறிப்போகிறது. தொழுகை முடிந்ததும் எழுந்து பேசுகிறார். இவ்வளவு கொடு என்று யாருக்கும் கட்டளையில்லை. பொற்காசோ வெள்ளிக்காசோ துணியோ ஒரு மரக்கால் கோதுமையோ, பாதிப் பேரீச்சம்பழமோ, அவரவரால் ஆனது. கை கொள்ளாத பண முடிப்போடு ஒருவர் முதலில் வந்தார். பிறகு வரிசை. தானியம் ஒரு குவியல், துணி ஒரு குவியல். அப்போதுதான் அந்த முகம் தங்கம் மாதிரி மலர்ந்ததாம். வாங்கிக்கொண்டவர்கள் வாய் திறந்து கேட்டதாக அதில் ஒரு வார்த்தை கூட இல்லை.

தபூக் படையெடுப்புக்கு வசூல் நடந்தபோது அபூபக்ர் வீட்டில் இருந்த அத்தனையையும் கொண்டுவந்தார், உமர் பாதியை. அன்றாடங்காய்ச்சி ஒருவர் கூலியாகக் கிடைத்த கொஞ்சம் பேரீச்சம்பழத்தில் பங்கு கொண்டுவந்தபோது சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கண்டித்து வசனமே இறங்கியது. ஆகவே, 'என்ன சார், வெறும் பத்து ரூபாயா?' என்று ரசீதில் எழுதும்போது உதட்டைப் பிதுக்குகிற கலெக்‌ஷன் மன்னர்கள் கவனிக்க!

கலெக்‌ஷன் மன்னர்கள் என்றதும் கமிஷன் ஞாபகம் வருகிறது. ரம்ஜான் மாதம் பிறந்தால் வடக்கே எங்கெங்கோ இருந்து மதரஸா ரசீதுகளோடு ஆட்கள் நம் ஊர்களுக்கு வருவது வழக்கம். நல்லவர்கள் நிறைய. நடுவே, வசூலில் இத்தனை சதவிகிதம் எனக்கு என்று பேசிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வசூலிப்பவருக்குக் கூலியே கூடாது என்பதில்லை. ஜக்காத் யார் யாருக்குப் போகலாம் என்று குர்ஆன் சொல்லும் எட்டு வகையில் அதை வசூலிக்கும் ஊழியரும் ஒரு வகை. ஆனால், அது ஆட்சி நியமித்த ஊழியருக்கு. தானே ரசீது அடித்துக்கொண்டு சதவிகிதம் எடுப்பது ஆகாது, மாதச் சம்பளமாகப் பேசிக்கொள்ளுங்கள் என்பதே பல உலமாக்களின் தீர்ப்பு.

இதற்கும் ஓர் ஒரிஜினல் கேஸ் இருக்கிறது. இப்னு லுத்பிய்யா என்று ஒரு வசூல் அதிகாரி. ஜக்காத் வசூலித்துக்கொண்டு மதீனா திரும்பினார். பொருட்களை இரண்டு பங்காக வைத்தார். 'இது உங்களுக்கு. இது எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது' என்றார். நபிகள் மிம்பரில் ஏறி நின்று ஊரறியக் கேட்டது இதுதான்: அந்த ஆள் தன் அப்பன் வீட்டிலோ ஆத்தாள் வீட்டிலோ உட்கார்ந்திருக்கட்டுமே, அன்பளிப்பு தேடி வருகிறதா பார்ப்போம்!

நாற்காலியில் உட்கார்ந்து தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிற நம்மவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொள்ளலாம். எங்கள் செக்‌ஷனில் நாலு பேர் செருமினார்கள்.

ஜக்காத் கணக்கே ரொம்பத் துல்லியம். சுமார் 87 கிராம் தங்கம், நம் பாஷையில் ஏறக்குறைய 11 பவுன். அந்த மதிப்புக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கையில் தங்கியிருந்தால், இரண்டரை சதவிகிதம். யாரும் கேட்டு வராவிட்டாலும் எடுத்துவைத்தே ஆகவேண்டும். சிங்கப்பூரில் இதற்காகச் சட்டப்படி அமைந்த இஸ்லாமிய சமய மன்றம் இருக்கிறது; மொத்தமாக வசூலாகி மொத்தமாகப் போகிறது. நம் நாட்டில் அப்படி இல்லை, ஆளாளுக்குத்தான். அதிராம்பட்டினம், கீழக்கரை மாதிரி ஊர்களில் பைத்துல்மால் என்று பொது நிதி வைத்து, ஊருக்குள் யாருக்குக் கஷ்டம் என்று இவர்களே விசாரித்துக் கொடுக்கிறார்கள். ஏழை ரசீது புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். வட்டியில்லாக் கடனும் உண்டு.

இதெல்லாம் சரி, எக்கியார்குப்பத்துக்கு வருவோம். குடித்துச் செத்தவர், முஸ்லிமும் அல்ல. 'இப்ப உங்க சட்டம் என்ன சொல்லுது பாய்?' என்று மடக்கினார் பக்கத்து சீட்.

பாய் மழுப்பவில்லை. ஜக்காத் பணம் முஸ்லிம் ஏழைகளுக்கே என்பதுதான் பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு என்றார். ஆனால் சதக்கா, அதாவது மனமுவந்து கொடுக்கும் தர்மத்துக்கு, அந்த வேலி கிடையாது. உமர் கலீபாவாக இருந்தபோது பார்வை மங்கிய ஒரு கிழவர் வாசல் வாசலாகக் கையேந்துவதைப் பார்த்தார். விசாரித்தால் யூதர். 'ஏன் இப்படி?' 'வரி கட்டணும், வயசாச்சு, வயித்தையும் பார்க்கணும்.' கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் இருந்ததைக் கொடுத்தார் உமர். பொதுக் கருவூல அதிகாரியையும் கூப்பிட்டனுப்பினார். வாலிபத்தில் வரி வாங்கித் தின்றுவிட்டு முதுமையில் கைவிட்டால் அது நியாயமில்லை என்று சொல்லி, இவருக்கும் இவர் மாதிரி ஆட்களுக்கும் வரியைத் தள்ளுபடி செய்யச் சொன்னார். எட்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் அபூ யூசுப் எழுதிய வரி நூலில் வருகிற விஷயம் இது. சாராயக்கடை வருமானத்தில் நடக்கிற எந்த அரசுக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தும்!

'அப்போ குடிகாரன்?'

அதற்கும் ஒரு கதை. ஒருவர் ராத்திரியில் ரகசியமாகத் தர்மம் செய்யக் கிளம்புகிறார். முதல் நாள் கொடுத்தது ஒரு திருடன் கையில். விடிந்ததும் ஊரே சிரிக்கிறது. இரண்டாம் நாள், நடத்தை கெட்டவள் என்று பேர் எடுத்த ஒரு பெண் கையில். மூன்றாம் நாள், பெரிய பணக்காரன் கையில். மனிதர் நொந்துபோகிறார். அவருக்குச் செய்தி வருகிறது: உன் தர்மம் வீணாகவில்லை. திருடன் திருட்டை விடலாம். அவள் அந்த வாழ்க்கையை விடலாம். பணக்காரன் பார்த்துப் படிப்பினை பெறலாம்.

'கொடுக்கிற காசு நேரா சாராயத்துக்குப் போகும்னு தெரிஞ்சா அவன் கையில கொடுக்கக் கூடாது. செத்தவன் கையிலே நீங்க என்னத்தைக் கொடுக்கப் போறீங்க? பத்து வயசுப் பிள்ளை குடிச்சுதா?' என்றார். டீக்கடை ஹைகோர்ட்டில் இத்தனை நாளாக நடந்த வாதப் பிரதிவாதத்தில் இந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

லிஸ்ட் கிழிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு, பாயோடு நானும் எக்கியார்குப்பம் போனேன், மீன் வாங்குகிற சாக்கில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சின்னப் படகுகள் போட்டதுதான் மீன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கேமராவும் மைக்கும் வந்து போன ஊர். புதுமுகம் என்றாலே சலிப்பு. பாய் சாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெத்திலி என்ன விலை என்று பேரம் பேசினார். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், 'பசங்களுக்குப் பள்ளிக்கூடம் எப்ப ஆத்தா திறக்குது?' என்று மட்டும் கேட்டார். அந்தம்மா பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, யார் பிள்ளை எந்த வகுப்பு, யாருக்கு டவுனுக்கு பஸ், யார் இனி போவது சந்தேகம் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்தது. கேட்காமலே விசாரணைக் கமிஷன் ரிப்போர்ட் ரெடி!

மறுநாள் பாய் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்தார். குரலைத் தாழ்த்தி, 'ஒரு விஷயம். முடிஞ்சா செய்ங்க, முடியலேன்னா தலையாட்டுங்க, ரெண்டுக்கும் நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்' என்றார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பணம் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்காரரிடம் போனது. அந்தத் தெருப் பிள்ளைகள் வந்தால் நோட்டு, பை, ஜாமெட்ரி பாக்ஸ். யார் கொடுத்தது என்று கேட்டால், 'ஸ்கீம்' என்று சொல்லிவிடச் சொன்னார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தில் பேர்போன வாக்கு. இடது கைக்கு பாய் 'ஸ்கீம்' என்று பேர் வைத்துவிட்டார். ஜூலையில் கடைக்காரரின் பில்லை மட்டும் எல்லோருக்கும் காட்டினார். மீதி இருந்த 240 ரூபாய்க்கு என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டார். மூன்றாவது கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, தெற்கே கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத், சுற்றுவட்டார மீனவர்களுக்கு நாள்கணக்கில் சமைத்துப் போட்டது. யாரும் மனு எழுதிக் கேட்கவில்லை. அலை அடித்ததும் அடுப்பு மூட்டிவிட்டார்கள். நாகூர் தர்காவின் நிலத்தில் மதம் பார்க்காமல் சடலங்களை அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. அதற்கு நேர் எதிராக, 2015 சென்னை வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலத்துக்கு முன்னால் ஸ்டிக்கர் வந்துசேர்ந்ததையும் பார்த்தோம். டியூப்லைட் பூராவும் உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற பரம்பரை அல்லவா!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மறுபடியும் அதே மெத்தனால். 60-க்கும் மேற்பட்ட சாவு, அதே 10 லட்சம், அதே டீக்கடை. அந்த முறை எங்கள் ஆபீஸில் லிஸ்ட் கிளம்பவில்லை. 'பாய், போய்ப் பார்த்துட்டு வரலாமா?' என்றார் பக்கத்து சீட்.

பாய் ரிட்டயராக அதிக வருஷமில்லை. இப்போது அவர் போட்டுக்கொண்டிருப்பது வேறொரு கணக்கு. மரக்காணம் உப்பளத்தில் மழை பிடித்துவிட்டால் வேலை நின்றுபோகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் பாத்தியில் தண்ணீர், வீட்டில் அடுப்பு ஈரம். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று அரசு 2022-ல் திட்டம் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ரம்ஜானோ பிறை பார்த்து வருகிற மாதம். வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். முஸ்லிம் வீடுகளில் கை தாராளமாக நீள்வது அந்த மாதத்தில்தான். 2025-ல் அது மார்ச்சில் வந்தது. உப்பளத்தில் வேலை மும்முரமாக இருந்த நேரம். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு ரம்ஜான். 2031, 32-ல் டிசம்பரிலேயே. 2033-ல் நவம்பர் கடைசியில் பிறை.

'சரியா பாத்தி மூழ்கிக் கிடக்கிற நேரம் தம்பி' என்று காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறார். பக்கத்திலேயே பென்சிலில், எந்தெந்தத் தெருவில் எத்தனை வீட்டில் உப்பு வாருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. இதுவரை இரண்டு தெரு முடிந்திருக்கிறது.